தங்கமும் கல்தூசியும்: தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரின் இழப்பீட்டு வரலாறு

தொழிலால் வரும் நுரையீரல் நோய்க்கு முதலாளியே பணம் தர வேண்டும் என்பதைத் தனிச் சட்டமாக்கி, அதற்கென நிதியும் மருத்துவ அமைப்பும் ஏற்படுத்திய நாடுகளில் முன்வரிசையில் நின்றது தென்னாப்பிரிக்கா. 1911, 1912ஆம் ஆண்டுகளிலேயே அங்கே இச்சட்டங்கள் வந்துவிட்டன. ஆயினும் அந்நாட்டின் தங்கச் சுரங்கங்களில் நுரையீரல் கெட்டுப்போனவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரு நூற்றாண்டுக் காலம் அச்சட்டங்களால் உருப்படியான பயன் எதையும் அடையவில்லை. நோயை உலகுக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஒரு நாட்டில் நோயாளிகள் கணக்கில் வராமலே போனது எப்படி என்ற கேள்விக்குச் சட்டத்தின் வாசகங்களைக் காட்டிலும், யாரை எந்தக் கருவியால் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று வகுத்த விதிகளிலேயே விடை கிடைக்கிறது.

1886இல் ஜோகன்னஸ்பர்க் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கப் படிவம் பரப்பில் உலகிலேயே பெரியதாயினும், பாறையில் கலந்திருந்த தங்கத்தின் அளவு மிகக் குறைவு. ஒரு டன் பாறையை உடைத்து மாவாக அரைத்தால்தான் சில கிராம் தங்கம் கிடைக்கும். படிவமோ சரிந்து சரிந்து பூமிக்குள் ஆழமாக இறங்கியது. தங்கத்தின் விலையும் உலகச் சந்தையில் நிலையாகக் கட்டப்பட்டிருந்ததால், செலவு கூடினால் அதை விலையில் ஏற்றி ஈடுகட்டும் வழி சுரங்க முதலாளிகளுக்கு இல்லை. கூலியைக் குறைப்பதும் வேலையை விரைவுபடுத்துவதுமே அவர்கள் கையில் இருந்த வழிகள். 1890களில் ஆழ்சுரங்கங்கள் தோண்டப்பட்டபோது அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவிகள் பெருமளவில் இறக்கப்பட்டன. உளியும் சம்மட்டியும் கொண்டு கையால் துளையிட்டபோது எழுந்த தூசியைவிடப் பன்மடங்கு நுண்ணிய தூசியை இக்கருவிகள் கிளப்பின. துளைகளில் வெடிமருந்து நிரப்பி வெடித்த பிறகு, புகை அடங்கும் முன்பே அடுத்த அணி உள்ளே அனுப்பப்பட்டது.

அந்தப் பாறையின் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனப்படும் வெண்மணிக்கல். அதாவது படிக நிலையிலுள்ள சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவான துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை சென்று தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க வரும் பாதுகாப்பு உயிரணுக்கள் தாமே அழிந்துபோக, அந்த இடத்தில் தழும்பு முடிச்சுகள் தோன்றி, நாளடைவில் ஒன்றோடொன்று சேர்ந்து, விரிந்து சுருங்க வேண்டிய மென்மையான திசுவை இறுகச் செய்கின்றன. சிலிக்கோசிஸ் என்று மருத்துவம் அழைக்கும் இந்த நோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. இழப்பீட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்நோயின் மூன்று இயல்புகள் முக்கியமானவை. தூசியைச் சுவாசித்துப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் நோய் வெளிப்படலாம். வேலையை விட்டு ஊர் திரும்பிய பின்னும் அது வளர்ந்துகொண்டே போகும். அத்துடன், சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். இறந்தவர் காசநோயால் இறந்தாரா, கல்தூசியால் இறந்தாரா என்ற வழக்கு இதிலிருந்துதான் முளைத்தது.

ஆங்கிலேயர்க்கும் போயர்க்கும் இடையே 1899இல் மூண்ட போர் சுரங்கங்களை மூடவைத்தது. நோயின் கொடுமை முதன்முதலாக எண்ணிக்கையாக வெளிப்பட்டதும் அதனால்தான். மீண்டும் வேலை தொடங்கியபோது பழைய துளைக்கருவியாளர்களைத் தேடிய அரசுச் சுரங்கப் பொறியாளர் அலுவலகம், போருக்கு முன் பணியிலிருந்த 1,377 பேரில் 225 பேர் இரண்டேகால் ஆண்டுக்குள் இறந்துவிட்டதைக் கண்டது. இவர்கள் போர்க்களத்தில் மாண்டவர்கள் அல்லர். நுரையீரல் நோயால், பெரும்பாலும் முப்பதுகளின் வயதில், மடிந்தவர்கள். ஆளுநர் மில்னர் 1902இல் அமைத்த வெல்டன் ஆணையம் தூசியே காரணம் என்று தெளிவாகச் சொன்னது. அதே காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இளவயதுச் சுரங்கத் தொழிலாளர்களின் சாவு திடீரென உயர்ந்ததை ஆராய்ந்த ஜான் ஹால்டேன் குழுவும், இறந்தவர்களில் பலர் ஜோகன்னஸ்பர்க்கை உள்ளடக்கிய டிரான்ஸ்வாலில் துளைக்கருவி இயக்கிவிட்டுத் திரும்பியவர்கள் என்று 1904இல் அறிக்கை தந்தது. ஆகவே நோயின் காரணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தது. பின்னாளில் இது தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

1911இல் தற்காலிக உதவித்தொகைச் சட்டமும், அடுத்த ஆண்டில் நிலையான இழப்பீட்டுச் சட்டமும் வந்ததற்கு வெள்ளைத் தொழிலாளரின் அரசியல் வலிமையே முதன்மைக் காரணம். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வாக்குரிமை இருந்தது. ஒருவர் மேற்பார்க்க வேண்டிய துளைக்கருவிகளின் எண்ணிக்கையை உயர்த்தியதை எதிர்த்து 1907இல் அவர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். சங்கத்தின் செயலாளராக இருந்து இழப்பீட்டுக்காகப் போராடிய டாம் மேத்யூஸ் என்ற கார்ன்வால்காரரும் அதே நோய்க்குப் பலியானார். சட்டத்தின் பெயரில் 'சிலிக்கோசிஸ்' என்ற சொல் இல்லை. 'மைனர்ஸ் தைசிஸ்', அதாவது சுரங்கத் தொழிலாளரின் உருக்கிநோய், என்ற பெயரே இருந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நோயை முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரித்து, சுரங்க நிறுவனங்களிடமிருந்து வசூலித்த நிதியிலிருந்து நிலைக்கேற்ப இழப்பீடு வழங்கியது. 1919இல் முதல் நிலைக்கும் முந்திய ஒரு நிலை சேர்க்கப்பட்டது. அடுத்தடுத்துத் திருத்தங்களும் புதுச் சட்டங்களும் வந்து, 1925இல் அவை ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டன. ஒரே நோய்க்குச் சில ஆண்டுகளுக்குள் இத்தனை சட்டங்கள் தேவைப்பட்டதே, எவ்வளவு பணம் யாருக்கு என்ற பூசல் எவ்வளவு கடுமையாக நடந்தது என்பதற்குச் சான்று.

தொழில்நுட்பத்தில் நடந்த மாற்றங்களைக் குறைத்து மதிப்பிடுவதும் நியாயமாகாது. துளைமுனை வழியாக நீரைச் செலுத்தும் கருவிகள், வெடிப்புக்குப் பின் நீர்த்தெளிப்பு, காற்றோட்ட ஏற்பாடுகள் ஆகியவை இக்காலத்தில் புகுத்தப்பட்டன. காற்றிலுள்ள தூசியைக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து எண்ணும் 'கோனிமீட்டர்' என்ற கருவியை உருவாக்கியவர் அரசுச் சுரங்கப் பொறியாளர் ராபர்ட் கோட்ஸே. சில ஆண்டுகளில் ஆளைக் கொன்ற கடுந்தூசி இதனால் குறைந்தது உண்மை. ஆனால் அளவு குறைந்த தூசி நோயை ஒழிக்கவில்லை. அது வெளிப்படும் காலத்தைத் தள்ளிப்போட்டது. சுரங்கத்தில் வெளிப்பட்டிருக்க வேண்டிய நோய், தொழிலாளி ஊருக்குப் போன பிறகு அங்கே வெளிப்பட்டது.

அந்த ஊர்கள் எங்கே இருந்தன என்பதில்தான் இந்த வரலாற்றின் மையம் உள்ளது. சுரங்கத்தின் உடலுழைப்பில் மிகப் பெரும்பகுதியைச் செய்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் மொசாம்பிக், பசூட்டோலாந்து (இன்றைய லெசோத்தோ), டிரான்ஸ்கை, நியாசாலாந்து (இன்றைய மலாவி) முதலிய இடங்களிலிருந்து ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் வழியாக ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பி, சில மாதம் கழித்து மீண்டும் வருவார்கள். குடும்பத்தைச் சுரங்கப் பகுதிக்குக் கொண்டுவர அவர்களுக்கு அனுமதியில்லை. 'காம்பவுண்டு' எனப்பட்ட வேலியிட்ட கொட்டடிகளில் தங்கினார்கள். இந்த விட்டுவிட்டு வரும் முறையே அவர்களின் நுரையீரலுக்கு ஓய்வு தந்து நோயிலிருந்து காக்கிறது என்று நிறுவன மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டார்கள். குடும்பத்தைப் பிரித்து வைத்த அதே முறையை உடல்நலப் பாதுகாப்பு என்று பெயரிட்டு நியாயப்படுத்தியது இந்த வாதம். ஊர் திரும்பிய தொழிலாளரைத் தொடர்ந்து சென்று பரிசோதித்துப் பார்த்தல்லவா அதை நிறுவியிருக்க வேண்டும்? அந்தப் பரிசோதனை நடக்கவில்லை.

1916இல் ஜோகன்னஸ்பர்க்கில் நிறுவப்பட்ட மருத்துவப் பணியகம், வெள்ளைத் தொழிலாளரை வேலைக்கு எடுக்கும் முன்பும் பின்னர் குறித்த இடைவெளியிலும் எக்ஸ்ரே எடுத்து, மருத்துவர் குழுவைக் கொண்டு ஆராய்ந்தது. அக்காலத்தில் உலகில் எங்கும் இதற்கு நிகரான தொழில்நோய்ப் பரிசோதனை முறை இருந்ததில்லை என்று சொல்லலாம். கறுப்பினத் தொழிலாளருக்கு நடந்ததோ வேறு. நூற்றுக்கணக்கானவர்களை ஆடையின்றி வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் சில நொடிகளில் மருத்துவர் பார்த்து அனுப்பிவிடுவார். வேலைக்காலத்தில் அவ்வப்போது எடை பார்க்கப்படும். எடை குறைந்தவர்களை மட்டும் தனியே பிரித்து மார்பைச் சோதிப்பார்கள். சிலிக்கோசிஸ் தொடக்க நிலையில் எடையைக் குறைப்பதில்லை. தழும்பு முடிச்சுகளைக் காட்டக்கூடிய ஒரே கருவியான எக்ஸ்ரே அவர்களுக்குப் பொதுவழக்காக வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். எடைத்தராசு கண்டுபிடித்ததெல்லாம் முற்றிய காசநோயைத்தான். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களோடு காசநோயும் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

நோய் உறுதிப்பட்ட அரிய வேளைகளிலும் பணம் சமமாக இல்லை. வெள்ளைத் தொழிலாளிக்கு ஓய்வூதியமும் அவர் இறந்தபின் மனைவி மக்களுக்கு உதவியும் கிடைத்தன. கறுப்பினத் தொழிலாளிக்கு ஒரே தவணையில் ஒரு சிறு தொகை. பல நூறு மைல் தொலைவில், எழுதப் படிக்க வாய்ப்பின்றி, மருத்துவமனையும் இல்லாத மலைக் கிராமத்தில் இருந்தவர் அந்தச் சிறு தொகைக்கும் விண்ணப்பிக்கும் வழியறியார். இழப்பீடு பெற்றோரின் எண்ணிக்கையே நோயாளிகளின் எண்ணிக்கையாகக் கொள்ளப்பட்டதால், கறுப்பினத் தொழிலாளரிடையே சிலிக்கோசிஸ் மிக அரிது என்று ஆண்டுதோறும் அதிகாரபூர்வ அறிக்கைகள் கூறின. பரிசோதிக்காததால் நோய் தெரியவில்லை. நோய் தெரியாததால் பரிசோதனை தேவையில்லை என்றானது. வரலாற்றாசிரியர் ஜாக் மெக்கல்லக் இச்சுரங்கங்களின் ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட நூல் இந்தச் சுழலைத்தான் அம்பலப்படுத்தியது. வெள்ளைத் துளைக்கருவியாளரின் சாவுகளைப் பற்றி எலைன் காட்ஸ் அதற்கு முன்பே 1994இல் எழுதியிருந்தார்.

நோய் அரிது என்ற அந்த அதிகாரபூர்வ அறிக்கைகள் தென்னாப்பிரிக்காவோடு நின்றிருந்தால் கேடு ஓரளவோடு முடிந்திருக்கும். 1930 ஆகஸ்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு முதலாவது உலக சிலிக்கோசிஸ் மாநாட்டை ஜோகன்னஸ்பர்க்கில் கூட்டியது. பரிசோதனைக் கூடம், எக்ஸ்ரே தொகுப்பு, நீண்டகாலப் பதிவேடு ஆகியவற்றில் அந்நகரை விஞ்சிய இடம் அப்போது இல்லை என்பதால் அங்கே கூடியது இயல்பே. நோயின் நிலைகளையும் எக்ஸ்ரே அடையாளங்களையும் வகுத்துத் தந்த அம்மாநாட்டின் பயனாக, 1934ஆம் ஆண்டின் 42ஆம் எண் உடன்படிக்கை சிலிக்கோசிஸை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அது உலகத் தொழிலாளருக்குக் கிடைத்த நன்மை. எனினும், தூசியை அடக்கி நோயை வென்ற முன்மாதிரி நாடு என்ற புகழையும் அதே மாநாடு தென்னாப்பிரிக்காவுக்குத் தந்தது. அந்தப் புகழ் வெள்ளையரின் எக்ஸ்ரே படங்களையும் கறுப்பினத்தவரின் எடைப் பதிவுகளையும் ஒரே தரத்துச் சான்றாக எண்ணியதால் வந்தது.

இதே தங்கத் தொழிலின் இந்தியக் கிளை தமிழருக்கு அந்நியமன்று. ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய கோலார் தங்கவயலில் பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அங்கும் பாறை குவார்ட்ஸ்தான். மைசூர் அரசு 1940இல் சிலிக்கோசிஸ் விதிகளை வெளியிட்டு, இதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. தங்கவயலில் மருத்துவராக இருந்த அந்தோணி கேப்லனும் அவருடைய கூட்டாளியும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட முடிவு, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் இருந்ததைக் காட்டியது. வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளரிடம் மூட்டுவாதத்தோடு சேர்ந்து காணும் நுரையீரல் முடிச்சுகளை 1953இல் விவரித்து, தம் பெயரால் வழங்கும் நோய்க்குறியைக் கண்டவரும் இதே கேப்லன்தான். கோலாரில் தொழிலாளர் குடும்பத்தோடு சுரங்கத்தின் அருகிலேயே குடியிருந்தார்கள். அவர்களைத் தேடி யாரும் மலைநாடு போக வேண்டியிருக்கவில்லை. ஒரே வகைத் தொழிலில் ஓரிடத்தில் 'அரிது' என்றும் மற்றோரிடத்தில் நூற்றுக்கு நாற்பது என்றும் கணக்கு வருமானால், முதல் கணக்கை ஐயுற்றிருக்க வேண்டும்.

அந்த ஐயத்தைத் தென்னாப்பிரிக்காவில் உறுதிப்படுத்தியவர்கள் இறந்துபோன தொழிலாளர்களே. இழப்பீட்டுச் சட்டப்படி, சுரங்கத்தில் பணிபுரிந்தவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்தின் ஒப்புதலோடு அவருடைய இதயமும் நுரையீரலும் ஜோகன்னஸ்பர்க் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். 1975 முதல் இவ்வாய்வுகள் முறையாகத் தொகுக்கப்பட்டு வருகின்றன. கறுப்பினத் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல்களில் சிலிக்கோசிஸ் காணப்பட்ட விகிதம் 1975இல் நூற்றுக்கு 3; 2007இல் நூற்றுக்கு 32. இடையில் தூசி பத்து மடங்கு பெருகிவிடவில்லை. 1970களில் சுரங்கங்கள் குறுகிய ஒப்பந்தங்களைக் கைவிட்டு அனுபவசாலிகளை நீண்டகாலம் வைத்துக்கொள்ளத் தொடங்கியதால், முன்பு கிராமங்களில் தெரியாமல் முற்றிய நோய் இப்போது பணிக்காலத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. தூசியின் அளவு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மாறவேயில்லை என்பதை 1995இல் லியோன் ஆணையம் அறிவித்தது. ஆய்வாளர்கள் போட்ஸ்வானாவின் தமாகாவிலும் கிழக்கு கேப் மாநிலத்தின் லிபோடேயிலும் முன்னாள் தொழிலாளரைத் தேடிச் சென்று எக்ஸ்ரே எடுத்தபோது, ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை தொழில்சார் நுரையீரல் நோயுடன் இருந்ததும், அவர்களில் முறையான இழப்பீடு பெற்றவர் மிகச் சிலரே என்பதும் தெரியவந்தன. 1990களில் செய்த இந்த எளிய வேலையை 1920களிலேயே செய்திருக்கலாம். அதற்குத் தேவையான கருவிகள் அப்போதே ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தன.

சட்டம் இவ்வளவு காலமும் முற்றிலும் அசையாமல் இருக்கவில்லை. 1956, 1962ஆம் ஆண்டுகளில் புதுச் சட்டங்கள் வந்தன; 1973இல் சுரங்கத் தொழில்நோய்ச் சட்டம் வந்து, இனவாரியான தொகை வேறுபாட்டை அப்படியே தொடர்ந்தது. அந்த வேறுபாடு 1993இல்தான் நீங்கியது. நீங்கிய பிறகும் சுரங்கத் தொழிலாளிக்கான தொகை மற்றத் தொழிலாளருக்குக் கிடைப்பதைவிடத் தாழ்ந்தே இருந்தது. மற்றத் தொழிலாளருக்கான பொது இழப்பீட்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, இழப்பீடு பெறத்தக்க தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவுக்காக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. குற்றத்தை நிறுவாமலே பணம் பெறலாம், அதற்கு ஈடாக வழக்குரிமையை விட்டுவிட வேண்டும் என்பது பல நாடுகளின் இழப்பீட்டுச் சட்டங்களுக்கு அடிப்படையான கொடுக்கல் வாங்கல். சுரங்கத் தொழிலாளியோ பொதுச் சட்டத்தின் கூடுதல் பணத்தையும் பெறாமல், வழக்குரிமையையும் இழந்தவராகக் கருதப்பட்டார்.

தெம்பெகிலே மன்காயி என்ற தொழிலாளி தொடுத்த வழக்கு இந்த அநீதியை உடைத்தது. 1979 முதல் 1995 வரை வால் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வேலைசெய்து, சிலிக்கோசிஸும் காசநோயும் பெற்ற அவருக்கு 2004இல் கிடைத்த சட்டபூர்வ இழப்பீடு 16,320 ராண்ட். பதினாறு ஆண்டு உழைப்புக்கும் மீளாத நோய்க்கும் அதுவே முழுக் கணக்கு. அச்சுரங்கத்துக்குப் பொறுப்பான ஆங்லோகோல்ட் அஷாந்தி நிறுவனத்திடம் அவர் 26 லட்சம் ராண்ட் கோரினார். கீழ்நிலை நீதிமன்றங்கள் 35ஆம் பிரிவைக் காட்டி மறுத்தன. 2011 மார்ச் 3ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம், சுரங்கத் தொழில்நோய்ச் சட்டத்தின் கீழ் வருவோரை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன் மன்காயி இறந்துவிட்டார்.

அவர் திறந்த வழியில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வந்தார்கள். சிலிக்கோசிஸ் நோயாளிகளும் காசநோயாளிகளும் இரு கூட்டங்களாகச் சேர்ந்து வழக்கு நடத்த 2016 மே மாதத்தில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அனுமதியளித்தது. வழக்கு நடக்கும்போதே இறப்பவரின் கோரிக்கை அவருடைய வாரிசுகளைச் சேரும் என்றும் கூறியது. நோயாளிகள் இறந்துகொண்டிருக்கையில் வழக்கை இழுத்தடிப்பதால் முதலாளிகளுக்கு லாபம் இருந்த நிலையை இந்த ஒரு விதி மாற்றியது. 2018 மே மாதத்தில் ஆறு நிறுவனங்கள் ஏறத்தாழ 500 கோடி ராண்ட் மதிப்புள்ள ஒப்பந்தத்துக்கு இசைந்தன. 2019 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்றது. பணத்தை வழங்க ட்ஷியாமிசோ அறக்கட்டளை உருவாயிற்று. சிலிக்கோசிஸின் கடுமைக்கேற்ப, அரிதான சிறப்பு நிலைகள் நீங்கலாக, ஒருவருக்கு 70,000 முதல் 2,50,000 ராண்ட் வரை வகுக்கப்பட்டது. லெசோத்தோ மலைகளிலும் மொசாம்பிக் கிராமங்களிலும் முதியவர்களும் கைம்பெண்களும் இப்போது பணிச்சான்றும் மருத்துவச் சான்றும் தேடி அலைகிறார்கள். அந்தச் சான்றுகளை அன்று எழுதாமல் விட்டவர்கள் நிறுவனங்களே என்பதால், சான்று இல்லாததை விண்ணப்பதாரரின் குறையாகக் கருதுவது முறையன்று. ஐயம் எழுமிடத்தில் அதன் பயன் நோயாளிக்கே போக வேண்டும்.

இந்த ஒப்பந்தம் 1965 மார்ச் 12க்குப் பின் சுரங்கத்தில் வேலைசெய்தவர்களுக்கு மட்டுமே உரியது. 1886 முதல் அந்நாள் வரை 79 ஆண்டுகள் அதே பாறையைத் துளைத்து, அதே தூசியைச் சுவாசித்து, அதற்குமுன்பே வேலையை விட்டு ஊர் திரும்பி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இதில் இடம் இல்லை.